மரபணுச் சோதனையில் ‘இல்லை’ என்று வந்தால்: எந்த ஆய்வக முறை எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது?

2018 மார்ச்சில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ட்வென்டிதிரீ அண்ட் மீ என்ற மரபணுச் சோதனை நிறுவனத்துக்கு ஓர் அனுமதி கொடுத்தது. குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் போதும், மார்பகப் புற்றுநோய் அபாயத்தோடு தொடர்புள்ள பிஆர்சிஏ மரபணுக்களில் மாற்றம் இருக்கிறதா என்று மருத்துவர் சீட்டு இல்லாமலே சொல்லலாம். ஆனால் அந்தச் சோதனை பார்த்தது 3 மாற்றங்களை மட்டும். பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 இரண்டிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள் அப்போதே அறியப்பட்டிருந்தன. அந்த மூன்றும் அஷ்கெனாசி எனப்படும் மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூத வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படுபவை. மற்றவர்கள் கையில் ‘இல்லை’ என்று வந்த அறிக்கைக்குப் பெரிய மதிப்பு எதுவும் கிடையாது. எஃப்டிஏவே அனுமதியோடு சேர்த்து இந்த எச்சரிக்கையையும் வெளியிட்டது.

அதே நபர் இன்னோர் ஆய்வகத்தில் அந்த இரண்டு மரபணுக்களையும் முழுதாக வாசிக்கக் கொடுத்தால் ‘இருக்கிறது’ என்று பதில் வரலாம். இரண்டு ஆய்வகத்திலும் தவறு நடக்கவில்லை. ஒன்று மூன்று இடங்களைப் பார்த்தது, மற்றது முழு மரபணுவையும் பார்த்தது, அவ்வளவுதான். எந்த முறையைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கிற மாணவர்களும் ஆய்வாளர்களும் பெரும்பாலும் ‘இருப்பதிலேயே புதியது எது?’ என்றுதான் தொடங்குகிறார்கள். ‘இந்த முறை ஒன்றும் கிடைக்கவில்லை என்று சொன்னால், அதை எவ்வளவு நம்பலாம்?’ என்று தொடங்கினால் பாதிக் குழப்பம் தீரும்.

## தேடுவது எந்த அளவு?

மனித மரபணுத்தொகுதியின் நீளம் சுமார் 310 கோடி எழுத்துகள். ஏ, டி, ஜி, சி என்று நான்கே எழுத்துகள். அம்மா வழியில் ஒரு பிரதி, அப்பா வழியில் ஒரு பிரதி. இதில் ஏற்படும் மாற்றங்கள் அளவில் மிகவும் வேறுபடுகின்றன:

1. ஓர் எழுத்து மாறுவது. அரிவாள் செல் இரத்தசோகையில் பீட்டா குளோபின் மரபணுவில் ஏ இருக்க வேண்டிய ஓர் இடத்தில் டி இருக்கிறது. நோய்க்கு அது போதும்.
2. சில எழுத்துகள் நடுவில் புகுவது, அல்லது விடுபடுவது.
3. ஒரே மூன்றெழுத்து அடுத்தடுத்துத் திரும்ப வருவது. ஹன்டிங்டன் நோயில் சிஏஜி என்ற மூன்றெழுத்து 40 தடவையோ அதற்கு மேலோ வரும்.
4. மரபணுவின் ஒரு பகுதியோ முழு மரபணுவோ காணாமல் போவது, அல்லது இரட்டிப்பது.
5. ஒரு குரோமோசோமின் துண்டு உடைந்து இன்னொன்றில் போய் ஒட்டிக்கொள்வது.
6. முழுக் குரோமோசோமே கூடுவது, குறைவது. டவுன் சிண்ட்ரோமில் 21ஆம் குரோமோசோம் மூன்று இருக்கும்.

இதோடு இரண்டு கேள்விகள் சேரும். மாற்றம் உடம்பின் எல்லாச் செல்களிலும் இருக்கிறதா, புற்றுநோய்க் கட்டியில் போல சில செல்களில் மட்டுமா? அப்புறம், தேடுவது டிஎன்ஏவில் எழுதியிருப்பதையா, அல்லது எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதையா? இரண்டாவது என்றால், மரபணு வேலை செய்யும்போது அதிலிருந்து எடுக்கப்படும் நகலான ஆர்என்ஏவை அளக்க வேண்டும். அது தனிக் கதை, பிறகு வருகிறது.

## பிசிஆர்: கேட்ட இடத்தை மட்டும் பார்க்கும்

கேரி முல்லிஸ் 1983இல் கண்டுபிடித்த முறை, 1993இல் நோபல் பரிசு பெற்றது. பிரைமர் எனப்படும் இரண்டு சிறு டிஎன்ஏ இழைகள், வேண்டிய பகுதியின் இரு முனைகளிலும் போய் ஒட்டிக்கொள்ளும். நடுவில் உள்ளது ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகும். 30 சுற்று முடிந்தால், கணக்குப்படி ஒரு மூலக்கூறு 107 கோடி ஆகியிருக்கும். வேகமானது, மலிவானது, சொற்ப மாதிரி போதும். எதைத் தேடுகிறோம் என்று முன்பே தெரிந்திருந்தால் இதை மிஞ்ச ஆள் இல்லை.

பலவீனமும் பிரைமரில்தான் இருக்கிறது. பிரைமரோ, பெருகுவதைக் காட்டும் ஒளிரும் புரோபோ ஒட்ட வேண்டிய இடத்திலேயே ஒரு மாற்றம் இருந்தால் சோதனை அங்கே குருடாகிவிடும். கொரோனா காலத்தில் உலகமே இதை நேரில் பார்த்தது. பரவலாகப் பயன்பட்ட ஒரு பிசிஆர் கிட், வைரஸின் மூன்று இடங்களைத் தேடியது. அதில் ஒன்று ஸ்பைக் மரபணு. 2021 நவம்பரில் ஒமைக்ரான் வந்தபோது மற்ற இரண்டு இடங்களும் பாசிட்டிவ் காட்ட, ஸ்பைக் மட்டும் ‘இல்லை’ என்றது. காரணம், ஸ்பைக் புரதத்தின் 69, 70 ஆகிய இரண்டு அமினோ அமிலங்களுக்குரிய ஆறு எழுத்துகள் அந்த வைரஸில் விடுபட்டிருந்தன.

சோதனையின் இந்தக் குருட்டுப் புள்ளியையே விஞ்ஞானிகள் அடையாளமாக வைத்துக்கொண்டார்கள். எல்லா எழுத்துகளையும் வரிசையாக வாசிக்கும் முழு வரிசையாக்கத்துக்குக் காத்திருக்காமல், ஸ்பைக் விழுந்துபோன மாதிரிகளை எண்ணியே ஒமைக்ரான் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கணக்கிட முடிந்தது. பின்னால் வந்த பிஏ.2 வகையில் அந்த ஆறு எழுத்துகள் விடுபடவில்லை. உடனே அந்தக் குறுக்கு வழி அடைபட்டது. வரிசையாக்கத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. முன்பே தெரிந்ததைத் தேடப் பிசிஆர், தெரியாததைத் தேட வரிசையாக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

## சிப்: பொதுவானதில் கெட்டி, அரியதில் மோசம்

மைக்ரோஅரே என்கிற சிப், ஒரே நேரத்தில் பல லட்சம் இடங்களில் ‘இங்கே எந்த எழுத்து?’ என்று கேட்கும். அந்த இடங்கள் எல்லாம் முன்கூட்டியே முடிவு செய்யப்பட்டவை. வம்சாவளிச் சோதனைகளும், லட்சக்கணக்கானவர்களை வைத்துச் செய்யும் மக்கள்தொகை ஆய்வுகளும் பெருமளவு இதில்தான் ஓடுகின்றன.

சிப் எப்படி முடிவெடுக்கிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஓர் இடத்தில் ஏ அல்லது ஜி இருக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரின் மாதிரியும் அந்த இடத்தில் இரண்டு நிறங்களில் ஒளிரும். எல்லோருடைய அளவையும் வரைபடத்தில் புள்ளிகளாக வைத்தால் மூன்று குவியல்கள் தெரியும்: ஏஏ, ஏஜி, ஜிஜி. மென்பொருள் இந்தக் குவியல்களுக்கு எல்லை வரைந்து, யார் எதில் விழுகிறார்கள் என்று சொல்கிறது. குவியல் பெரிதாக இருந்தால் எல்லை தெளிவாக இருக்கும். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கு மட்டும் இருக்கிற மாற்றம் என்றால்? அங்கே குவியலே இல்லை, தனியாக ஒரு புள்ளி. அது உண்மையான மாற்றமா, சரியாக ஒளிராத மாதிரியா என்று மென்பொருளுக்குத் தெரிய வழியில்லை.

இது வெறும் கோட்பாடு இல்லை. தன்னார்வலர்களின் மரபணு, உடல்நலத் தரவுகளைச் சேர்த்துவைக்கும் பிரிட்டனின் யுகே பயோபேங்கில் சிப், வரிசையாக்கம் இரண்டும் செய்யப்பட்ட 49,908 பேரின் தரவை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2021இல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. லட்சத்தில் ஒருவருக்கும் குறைவாகக் காணப்படும் மாற்றங்களில், சிப் ‘இருக்கிறது’ என்று சொன்னவற்றில் 84 சதவீதம் பொய். பிஆர்சிஏ மரபணுக்களின் அரிய மாற்றங்களில் இன்னும் மோசம்: சிப் சொன்னதில் நூற்றுக்கு நான்கு அளவில்தான் உண்மை. சிப் அறிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு யாராவது அறுவை சிகிச்சை பற்றி யோசித்தால், நிறுத்திவிட்டு முதலில் வேறு முறையில் உறுதி செய்யச் சொல்ல வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை என்பது என் எண்ணம்.

## வரிசையாக்கம்: துண்டு துண்டாக வாசிப்பது

ஃபிரெட்ரிக் சாங்கர் 1977இல் கொண்டுவந்த முறை ஒரு தடவையில் 700 முதல் 900 எழுத்துகள் வரை சுத்தமாக வாசிக்கும். ஒரு மரபணுவின் ஓரிடத்தை உறுதி செய்ய இன்றைக்கும் அதைத்தான் நாடுகிறார்கள். ஆனால் மாற்றம் மாதிரியில் 15, 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் சாங்கர் வரைபடத்தில் அது இரைச்சலோடு கலந்து மறைந்துவிடும்.

இப்போது பெரும்பாலும் நடப்பது குறுந்துண்டு வரிசையாக்கம். டிஎன்ஏவைப் பொடியாக்கி, கோடிக்கணக்கான துண்டுகளை ஒரே சமயத்தில் வாசிப்பார்கள். வாசிக்கப்பட்ட ஒவ்வொரு துண்டுக்கும் ரீட் என்று பெயர். நீளம் சுமார் 150 எழுத்து. கணினி ஒவ்வொரு ரீடையும் எடுத்து, ரெஃபரன்ஸ் எனப்படும் பொது வரிசையில் அது எங்கே பொருந்துகிறது என்று தேடி வைக்கும். ஓரிடத்தின் மேல் எத்தனை ரீட் வந்து அடுக்குகிறதோ அது அந்த இடத்தின் ஆழம்.

எவ்வளவை வாசிப்பது என்பதில் மூன்று தேர்வுகள்:

1. பேனல்: சில பத்து முதல் சில நூறு மரபணுக்கள். ஆழம் 500, 1000 என்று போகலாம்.
2. எக்ஸோம்: புரதத்துக்கான குறிப்புகள் உள்ள பகுதிகள் மட்டும். மொத்தத்தில் 1 முதல் 2 சதவீதம்தான், ஆனால் இதுவரை அறியப்பட்ட நோய் மாற்றங்களில் பெரும்பகுதி இங்கேதான். ஆழம் வழக்கமாக 100 அளவில்.
3. முழு மரபணுத்தொகுதி: எல்லாமே. வழக்கமான ஆழம் 30.

முழுத்தொகுதியை 30 ஆழத்தில் வாசித்தால் 9,300 கோடி எழுத்து, அதாவது 62 கோடி ரீட். ஒரு மனிதருக்கும் ரெஃபரன்ஸுக்கும் இடையே 40 முதல் 50 லட்சம் இடங்களில் வித்தியாசம் வரும். நோய்க்குக் காரணமானது அதில் ஒன்றோ இரண்டோ. நிறைய வாசித்தால் நிறைய விடை கிடைக்கும் என்று நினைப்பவர்களுக்கு இந்த எண் ஒரு நல்ல மருந்து. மிஞ்சுவதில் பலவும் ‘பொருள் தெரியாத மாற்றம்’ என்ற வகையில் போய் விழும். அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு குடும்பம் என்ன செய்வது?

## ஆழம் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒரு மாற்றம் அம்மா பிரதியில் மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தின் மேல் விழும் ஒவ்வொரு ரீடும் நாணயம் சுண்டுவது மாதிரி: அம்மா பிரதியிலிருந்து வரலாம், அப்பா பிரதியிலிருந்து வரலாம். ஆழம் 4 மட்டுமே என்றால் நான்கும் அப்பா பக்கமே விழ 16இல் ஒரு வாய்ப்பு. அதாவது இப்படிப்பட்ட 16 மாற்றங்களில் ஒன்று சத்தமில்லாமல் தவறிப் போகும். ஆழம் 30 ஆனால் அந்த வாய்ப்பு 107 கோடியில் ஒன்று. பிசிஆரில் பார்த்த அதே எண்தான், இரண்டின் முப்பதாம் அடுக்கு.

புற்றுநோயில் கணக்கு மாறுகிறது. பத்துச் செல்லில் ஒன்றில், அதிலும் ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் என்றால் ரீடுகளில் 5 சதவீதத்தில்தான் அது தெரியும். ஆழம் 30இல் எதிர்பார்க்கக்கூடியது ஒன்றரை ரீட். அதைப் பிழை என்று மென்பொருள் ஒதுக்கிவிடும், ஒதுக்குவதும் நியாயம். ஆழம் 1000 என்றால் 50 ரீட் கிடைக்கும், சந்தேகமே இருக்காது. அதனால் கட்டியில் தேடும்போது முழுத்தொகுதியைவிடச் சிறிய பேனல்தான் பல நேரம் புத்திசாலித்தனமான தேர்வு.

ஆழத்தைக் கூட்டிக்கொண்டே போனால் எதையும் பிடித்துவிடலாமா என்றால், அதுவும் இல்லை. ரீடின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தர மதிப்பெண் உண்டு. க்யூ30 என்றால் ஆயிரத்தில் ஓர் எழுத்து தவறாக இருக்கலாம். மாற்றமே ஆயிரத்தில் ஒன்றுதான் என்றால் உண்மையும் பிழையும் ஒரே உயரத்தில் நிற்கும். இரத்தத்தில் மிதக்கும் கட்டி டிஎன்ஏவைத் தேடும்போது இந்தச் சிக்கல் வரும். அதற்கு ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பெருக்குவதற்கு முன்பே தனி அடையாள எழுத்துகள் ஒட்டிவிடுவது, அல்லது மாதிரியை ஆயிரக்கணக்கான சிறு துளிகளாகப் பிரித்து எண்ணும் டிஜிட்டல் பிசிஆர் என்று வேறு வழிகள் இருக்கின்றன.

## கணினியால் மீட்க முடியாதவை

ஆய்வகத்தில் விட்டதை மென்பொருளில் பிடித்துவிடலாம் என்ற நம்பிக்கை இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நிறைய. இரண்டு நோய்கள் அந்த நம்பிக்கையை உடைக்கும்.

முதுகுத்தண்டுத் தசை நலிவு நோய், எஸ்எம்ஏ. காரணம் எஸ்எம்என்1 என்ற மரபணு இல்லாமல் போவது. சிக்கல், அதன் பக்கத்திலேயே எஸ்எம்என்2 என்று அச்சு அசல் இரட்டைப் பிறவி மாதிரி ஒன்று இருக்கிறது. நோயைத் தீர்மானிக்கும் வித்தியாசம் ஏழாவது எக்ஸானில் (எக்ஸான் என்பது மரபணுவில் புரதக் குறிப்பைத் தாங்கும் துண்டு) ஒரே ஓர் எழுத்து, சி இருந்தால் எஸ்எம்என்1, டி இருந்தால் எஸ்எம்என்2. அந்த எழுத்தைத் தொடாத 150 எழுத்து ரீட் எந்த மரபணுவிலிருந்து வந்தது என்று கணினிக்குத் தெரியாது. எங்காவது ஓரிடத்தில் வைத்துவிட்டு, நம்பகத்தன்மைக்குப் பூஜ்யம் போடும். அடுத்த கட்டத்தில் இருக்கும் மென்பொருள், பூஜ்யம் வாங்கிய ரீடை எல்லாம் தூக்கி எறியும். கடைசியில் வரும் அறிக்கையில் எஸ்எம்என்1 பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அது நலம் என்பதால் வந்த மௌனம் இல்லை.

இதற்கென்றே எழுதப்பட்ட தனி மென்பொருள்கள் அந்த ஓர் எழுத்தின் எண்ணிக்கையை வைத்து இப்போது கணக்கிடுகின்றன. ஆனால் எளிய வழி பழைய வழிதான்: ஏழாவது எக்ஸானைக் குறிவைத்த பிசிஆர், அல்லது பிரதிகளை எண்ணும் எம்எல்பிஏ. நோயாளிகளில் சுமார் 95 சதவீதம் பேருக்கு இரண்டு பிரதியிலும் அந்த எக்ஸான் இருக்காது, அதைப் பிசிஆர் சுலபமாகப் பிடிக்கும். மீதியுள்ளவர்களுக்கு ஒரு பிரதி காணாமலும், மற்றதில் சிறு எழுத்து மாற்றமும் இருக்கும். அவர்கள் இந்தப் பிசிஆரில் தப்பிவிடுவார்கள். ‘இல்லை’ என்பதற்கு இங்கேயும் ஓர் அடிக்குறிப்பு வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, அறிவுத்திறன் குறைபாட்டை உண்டாக்கும் ஃபிராஜைல் எக்ஸ். எஃப்எம்ஆர்1 மரபணுவில் சிஜிஜி என்ற மூன்றெழுத்து 200 தடவைக்கு மேல் வந்தால் நோய். 200 தடவை என்றால் 600 எழுத்து. ரீட் நீளம் 150. ‘சிஜிஜிசிஜிஜிசிஜிஜி’ என்று மட்டுமே இருக்கும் ஒரு துண்டு, அந்த நீண்ட வரிசையில் தொடக்கத்திலிருந்து வந்ததா, நடுவிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. இரண்டு கரையையும் ஒரே ரீட் தொட்டால்தான் எண்ண முடியும். இதற்கெனச் சிறப்பாக வடிவமைத்த பிசிஆரும் சதர்ன் பிளாட் என்ற பழைய முறையும்தான் வழக்கம்.

நீள ரீட் கருவிகள் இந்த இடத்தில்தான் தங்கள் காசுக்கு வேலை செய்கின்றன. பேக்பயோ கருவி 15 முதல் 20 ஆயிரம் எழுத்து நீளத்தில் 99.9 சதவீதத் துல்லியத்தோடு வாசிக்கும். நானோபோர் லட்சம் எழுத்தையும் தாண்டும். மனித மரபணுத்தொகுதியில் எழுதப்படாமல் கிடந்த கடைசி 8 சதவீதம் 2022இல் நிரம்பியது இவற்றால்தான். ஆனால் நீளமாக வாசிக்க டிஎன்ஏ நீளமாக இருக்க வேண்டும். ஃபார்மலினில் ஊறி மெழுகுக் கட்டியில் வருடக்கணக்கில் இருந்த திசுவில் டிஎன்ஏ ஏற்கெனவே நொறுங்கியிருக்கும். அதில் சி எழுத்து டி போல வாசிக்கப்படும் பொய் மாற்றங்களும் சேரும். அப்படிப்பட்ட மாதிரியை நீள ரீட் கருவியில் போடுவது வீண்.

ஆச்சரியம் என்னவென்றால், சில நேரம் நுண்ணோக்கி ஜெயிக்கும். இரண்டு குரோமோசோம்கள் ஒரு துண்டைச் சமமாக மாற்றிக்கொண்டால் கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அளவை மட்டும் பார்க்கும் சிப்புக்கு எல்லாம் சரியாகத் தெரியும். குரோமோசோம்களை நுண்ணோக்கியில் படமெடுத்து அடுக்கும் கேரியோடைப் படத்தில் அது கண்ணுக்கே தெரியும், துண்டு 50 லட்சம், ஒரு கோடி எழுத்து அளவில் இருந்தால். தொடர்ந்து கருச்சிதைவு ஏற்படும் தம்பதிகளுக்கு இன்றும் அந்தச் சோதனை எழுதப்படுவது அதனால்தான்.

## ஆர்என்ஏ: எண்ணிக்கையைவிட ஏற்பாடு முக்கியம்

பத்துக்குள் மரபணுக்கள், எவை என்றும் தெரியும் என்றால், பெருகப் பெருக அளவைக் காட்டும் பிசிஆரான க்யூபிசிஆர். எவை என்றே தெரியாது என்றால் ஆர்என்ஏ வரிசையாக்கம். தேர்வு இவ்வளவுதான். தவறு வேறிடத்தில் நடக்கிறது. நோயுள்ள மாதிரிகளை எல்லாம் திங்கட்கிழமையும், நலமான மாதிரிகளை எல்லாம் செவ்வாய்க்கிழமையும் ஓட்டினால், தெரிகிற வித்தியாசம் நோயினாலா கிழமையினாலா என்று எந்தப் புள்ளியியலாலும் பிரிக்க முடியாது. ஒரு மாதிரியை மிக ஆழமாக வாசிப்பதைவிட, அதே பணத்தில் மாதிரிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது பெரும்பாலும் நல்லது.

## தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய வரிசை

1. தேடும் மாற்றம் எந்த அளவு? முன்பே தெரிந்ததா?
2. எத்தனை சதவீதச் செல்லில் இருக்கும்?
3. அந்த இடத்துக்கு இரட்டைப் பிறவி மரபணு உண்டா? திரும்பத் திரும்ப வரும் பகுதியா?
4. கையில் இருக்கும் மாதிரி என்ன நிலையில் இருக்கிறது?
5. வரும் தரவை ஆராய ஆளும் கணினியும் இருக்கின்றனவா?
6. கிடைத்ததை எந்த இரண்டாவது முறையால் உறுதி செய்யப் போகிறோம்?

விலை ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்கலாம். இந்த ஆறுக்கும் பதில் எழுதிய பிறகு பெரும்பாலும் இரண்டு முறைகள்தான் மிஞ்சும், அப்போது விலையைப் பார்த்துக்கொள்ளலாம்.

## ஒரு கோப்பு விஷயம்

வரிசையாக்கம் முடிந்தால் மூன்று வகைக் கோப்புகள் உண்டாகும். ஃபாஸ்ட்க்யூ என்பது ரீடுகள் அப்படியே. பேம் என்பது அவை ரெஃபரன்ஸில் பொருத்தப்பட்ட நிலை. விசிஎஃப் என்பது மாறுபட்ட இடங்களின் பட்டியல். முதல் இரண்டும் பெரியவை என்பதால் பலர் விசிஎஃப்பை மட்டும் வாங்கிக்கொண்டு வருகிறார்கள்.

வழக்கமான விசிஎஃப்பில் வித்தியாசம் கண்ட இடங்கள் மட்டும்தான் வரிகளாக இருக்கும். ஓர் இடம் அதில் இல்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்: அங்கே 40 ரீட் விழுந்து எல்லாமே ரெஃபரன்ஸோடு ஒத்துப்போயிருக்கலாம், அல்லது அங்கே ஒரு ரீடுமே விழாமல் இருந்திருக்கலாம். கோப்பைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ஜிவிசிஎஃப் என்ற வடிவத்தில் மாற்றமில்லாத இடங்களின் ஆழமும் பதிவாகும். பேம் கோப்பு இருந்தால் நேராகத் திறந்தே எண்ணலாம். மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் நாளிலேயே இந்த இரண்டில் ஒன்றையாவது தரச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. சில வருடம் கழித்து புதிதாக ஒரு மரபணு அந்த நோயோடு தொடர்புபடுத்தப்பட்டால், பழைய தரவைத் திறந்து அந்த இடம் அன்றைக்கு உண்மையிலேயே வாசிக்கப்பட்டதா என்று பார்க்க அப்போதுதான் முடியும்.